பாடம் 6: பீலி முளைக்கும் காலம்

(உரைநடை)

கற்றல் நோக்கங்கள்

• மயிற்குஞ்சு வளரும் படிநிலைகளை வரிசையாகக் கூறுதல்
• இறகு தோன்றி, வளர்ந்து, உதிரும் முறையை விளக்குதல்
• பறவைகளுக்குரிய மரபுச்சொற்களைப் பிழையின்றிப் பயன்படுத்துதல்
• ல, ழ, ள ஒலி வேறுபாட்டால் பொருள் மாறுவதை உணர்தல்
• காட்டுயிர்களிடம் நடந்துகொள்ள வேண்டிய முறையை அறிதல்

நுழையுமுன்

மயிலிறகு ஒன்றைப் புத்தகத்தின் நடுவே வைத்து, அதற்குத் தீனியாக நான்கைந்து அரிசிமணிகளையும் இட்டு மூடினால், அது குட்டி போடும் என்று தமிழ்நாட்டுச் சிறுவர்கள் நம்புவது உண்டு. இதனைத் தம் பள்ளிப் பருவத்தில் செய்து பார்க்காத பெற்றோர் சிலரே இருப்பர். நாள்தோறும் புத்தகத்தைத் திறந்து பார்த்தவர் எவரும் இரண்டாவது இறகைக் கண்டதில்லை. ஆயினும் அந்த விளையாட்டுக்குள் நல்ல வினாக்கள் மறைந்துள்ளன. இறகு எங்கே பிறக்கிறது? எவ்வாறு வளர்கிறது? உதிர்ந்த பிறகு ஏன் வளர்வதில்லை? இப்பாடம் அவ்வினாக்களுக்கு விடை கூறுகிறது.

1. பெயரும் இடமும்

மயிலுக்குத் தமிழில் மஞ்ஞை, தோகை என்னும் பெயர்களும் உண்டு. மயிலின் இறகைப் பீலி என்பர். மலையாளத்திலும் அதன் பெயர் மயிலே. தெலுங்கில் நெமலி என்றும், கன்னடத்தில் நவிலு என்றும், வடமொழியில் மயூரம் என்றும் வழங்குவர். இந்தியிலும் மராத்தியிலும் அதன் பெயர் மோர். தமிழ்நாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த பாட்டியிடம், "தோட்டத்திற்கு மோர் வந்திருக்கிறது" என்று பேரன் கூறினால், பாட்டி குவளையை எடுத்து வரக்கூடும். ஒரே ஒலி இரு மொழிகளில் இரு பொருள் தருவதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

இந்திய அரசு 1963-ஆம் ஆண்டு மயிலைத் தேசியப் பறவையாக அறிவித்தது. பழந்தமிழ் மரபில் மயில் குறிஞ்சி நிலத்துக்குரிய பறவை, முருகனின் ஊர்தி. புதுக்கோட்டை மாவட்டத்து விராலிமலையில் முருகன் கோயிலைச் சூழ்ந்த பகுதிகளில் மயில்கள் மிகுதியாக வாழ்கின்றன. தமிழ்நாட்டுக்கு வெளியேயும் மயிலோடு பழகி வாழும் ஊர்கள் பல உள. மகாராட்டிர மாநிலத்துப் புனே மாவட்டத்தில் மோராச்சி சிஞ்சோலி என்னும் சிற்றூர் புளியமரங்களுக்கும் மயில்களுக்கும் பெயர் பெற்றது. இராசத்தான மாநிலத்துச் சிற்றூர்களில் வீட்டுக் கூரைகளின்மீது மயில்கள் அமர்ந்திருப்பதைக் காணலாம். தலைநகர் தில்லியின் ரிட்ஜ் காட்டுப் பகுதியிலும் அவை வாழ்கின்றன. ஆகவே, எந்த மாநிலத்தில் வாழும் தமிழ்க் குழந்தைக்கும் மயில் தொலைவான பறவையன்று.

2. தாயின் சிறகடியில்

பெண் மயில் மரத்தில் கூடு கட்டுவதில்லை. புதரின் அடியில், தரையில் சிறு பள்ளம் பறித்து, அதில் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு முட்டைகள் இடுகிறது. ஏறத்தாழ 28 நாள் அடைகாக்கிறது. அடைகாப்பதும் குஞ்சுகளைப் பேணுவதும் தாய் மட்டுமே. தந்தை அப்பணியில் பங்கேற்பதில்லை. தாயின் பழுப்பு நிறம் காய்ந்த இலைகளோடு கலந்து விடுவதால், முட்டையின்மீது அமர்ந்திருக்கும் அதனைப் பகை விலங்குகள் எளிதில் காண இயலாது. எளிய நிறமே அங்குக் காவலாகிறது.

குருவிக்குஞ்சு கண் திறக்காமல், இறகின்றிப் பிறக்கிறது. மயிற்குஞ்சு அவ்வாறன்று. முட்டையை விட்டு வெளிவரும்போதே அதன் கண்கள் திறந்திருக்கும். உடல் முழுவதும் மென்தூவி போர்த்தியிருக்கும். கால்கள் நடக்கும் வலிமை பெற்றிருக்கும். சிறகின் இறகுகளும் அப்பொழுதே முளைவிட்டிருக்கும். ஓரிரு வாரங்களில் தாழ்ந்த கிளைக்குத் தாவிப் பறக்கும் ஆற்றலைக் குஞ்சு பெற்றுவிடும். தரையில் நாய், பூனை, கீரி ஆகியவற்றின் அச்சம் மிகுதி. எனவே, விரைந்து பறத்தல் மயிற்குஞ்சுக்கு உயிர்காக்கும் திறனாகும். பிற உறுப்புகளின் இறகுகளுக்கு முன்பே சிறகின் இறகுகள் வளர்வது இதனால்தான்.

குஞ்சு தானே இரை கொத்தும். ஆயினும் எது இரை, எது இரையன்று என்பதைத் தாயே கற்பிக்கிறது. தாய் ஒரு பூச்சியை அலகால் எடுத்துக் காட்டும். குஞ்சு அதைத் தாயின் அலகிலிருந்தே வாங்கி உண்ணும். முதல் வாரங்களில் கறையான், எறும்பு, வெட்டுக்கிளி போன்றவையே அதற்கு ஏற்ற உணவு. இறகு கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. நம் நகமும் முடியும் அவ்வகைப் புரதத்தால் ஆனவையே. உடல் முழுவதும் இறகு முளைக்கும் காலத்தில் குஞ்சுக்குப் புரதம் மிகுதியாகத் தேவைப்படுகிறது. அதனைத் தானியத்தைவிடப் பூச்சியே நிரம்பத் தருகிறது.

இரவில் குஞ்சுகள் தாயின் சிறகடியில் ஒடுங்கி உறங்கும். மென்தூவி மட்டும் உள்ள குஞ்சால் தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள இயலாது. மழையில் நனைந்தால் மிக விரைவில் குளிர்ந்து விடும். முழு இறகு வளரும்வரை தாயின் சிறகே அதற்குப் போர்வை.

3. இறகு பிறக்கும் விதம்

பறவையின் தோலில் நுண்ணிய குழிகள் உள்ளன. அவற்றுக்கு இறகுக்குழிகள் என்று பெயர். ஒவ்வோர் இறகும் ஒரு குழியின் அடியிலிருந்து முளைக்கிறது. புதிய இறகு வெளிவரும்போது மெல்லிய உறைக்குள் சுருண்டு, கூரிய முள்ளைப் போலத் தோன்றும். அவ்வுறைக்குள் குருதி பாயும். அக்குருதியே வளரும் இறகுக்கு உணவு கொண்டு செல்கிறது. இறகு நீளநீள, உறை நுனியிலிருந்து உலர்ந்து பொடிப்பொடியாக உதிரும். குஞ்சு தன் அலகால் இறகுகளைக் கோதும்போது அப்பொடி விழுவதைக் காணலாம். உறை நீங்கிய பகுதி விரிந்து இறகாகிறது.

இறகு முழு நீளம் பெற்றதும் அதனுள் குருதியோட்டம் நின்றுவிடும். அதன்பின் அது வெட்டிய நகத்தைப் போன்றது, உயிரற்றது, வலியுணராதது. அதனால் உதிர்ந்த இறகு வளர்வதில்லை. குட்டி போடுவதும் இல்லை. வளர்ச்சி நடப்பது இறகில் அன்று. தோலில் உள்ள குழியில். புத்தகத்தில் இட்ட அரிசியை உண்ண அங்கு உயிர் ஏதும் இல்லை.

வளரும் இறகின் நிலை வேறு. அது முறிந்தால் குருதி கசியும், பறவைக்கு வலிக்கும். எனவே, இறகு முளைக்கும் பருவத்தில் உள்ள குஞ்சை இறுகப் பற்றுதல் கூடாது. முழுமையாக வளர்ந்த இறகு இடையில் ஒடிந்தால், அஃது ஒட்டி வளராது. அடுத்த முறை இறகு உதிரும்வரை பறவை அந்தக் குறையோடுதான் வாழும்.

வளரும் நாள்களில் குஞ்சு பசியால் வாடினாலும் நோயுற்றாலும் அது இறகில் பதிந்து விடும். இறகின் குறுக்கே மெல்லிய கோடு ஒன்று தோன்றும். அக்கோடு உள்ள இடத்தில் இறகு வலுக்குன்றி எளிதில் ஒடியும். பறவை பட்ட துன்பம் சில நாள்களில் நீங்கலாம். ஆனால் அதன் தடம் அந்த இறகு உதிரும்வரை நீங்காது. பறவையின் வளர்ச்சியை எழுதிவைத்த நாட்குறிப்பே இறகு எனலாம்.

4. ஆண்டுதோறும் மாறும் உடை

மயிற்குஞ்சின் இறகு வளர்ச்சியைப் பின்வருமாறு வரிசைப்படுத்தலாம்.

முதல் வாரம்: உடலெங்கும் இளம்பழுப்பு மென்தூவி. சிறகில் மட்டும் இறகுகள் முளைத்திருக்கும்.

ஏறத்தாழ ஒரு மாதம்: தலையில் கொண்டை அரும்பத் தொடங்கும். மென்தூவி நீங்கி இறகுகள் இடம்பிடிக்கும்.

முதலாண்டு: ஆண் குஞ்சும் பெண் குஞ்சும் பெரும்பாலும் தாயைப் போன்றே தோன்றும். ஆண் குஞ்சின் சிறகில் செம்பழுப்பு நிறம் தெரியும். ஆண்டின் பிற்பகுதியில் ஆண் குஞ்சின் கழுத்தில் நீலம் படரும்.

இரண்டாம் ஆண்டு: ஆண் மயிலின் கழுத்தும் மார்பும் நீல நிறம் பெறும். தோகை குட்டையாக இருக்கும். அதில் கண் வடிவங்கள் காணப்படா.

மூன்றாம் ஆண்டு: கண் வடிவங்களுடன் கூடிய தோகை நீளத் தொடங்கும்.

நான்கு ஆண்டுகளுக்குப் பின்: தோகை முழு நீளமும் செறிவும் பெறும்.

ஆகவே, தோகை இல்லாத மயிலையெல்லாம் பெண் மயில் என்று கருதுதல் தவறு. அது தோகைக்குக் காத்திருக்கும் இளம் ஆண் மயிலாகவும் இருக்கலாம்.

நாம் வால் என்று கருதும் தோகை உண்மையில் வால் அன்று. மயிலின் வாலில் 20 குட்டையான பழுப்பு இறகுகளே உள்ளன. அவ்வாலின் மேற்புறத்தை மூடும் இறகுகளே நீண்டு தோகையாகின்றன. அவற்றின் எண்ணிக்கை 150-க்கும் மேல். மயில் தோகை விரித்து ஆடும்போது பின்புறம் சென்று பார்த்தால், குட்டையான வாலிறகுகள் தூண்களைப் போல நிமிர்ந்து தோகையைத் தாங்கி நிற்பதைக் காணலாம். முன்னின்று பார்ப்பவர் தோகையை மட்டுமே புகழ்வர். தாங்கும் வாலைக் காணார்.

தோகை ஒருமுறை வளர்ந்தால் என்றும் நிலைத்திருப்பதில்லை. வட இந்தியாவில் மழைக்காலம் முடியும் வேளையில், ஆகஸ்டு மாத இறுதியை ஒட்டித் தோகை இறகுகள் உதிரும். புதிய இறகு அடியிலிருந்து முளைக்க, பழைய இறகு கழன்று விழுகிறது. பிப்ரவரி மாதம் தொடங்கிப் புதிய தோகை பொலிவு பெறும். மரம் இலையுதிர்த்துத் தளிர்ப்பதைப் போன்றது இது. தோகை இழந்த மயில் நோயுற்ற பறவை அன்று; புதுத்தோகைக்கு அணியமாகும் பறவை.

5. நீலம் எங்கிருந்து வந்தது?

மயிலிறகின் நடுவே ஒரு தண்டு உள்ளது. தண்டின் இருபுறமும் இழைகளும், ஒவ்வோர் இழையிலும் மிக நுண்ணிய கிளையிழைகளும் உள்ளன. நிறம் தெரிவது அக்கிளையிழைகளில்தான். ஆனால் அவற்றில் நீலச் சாயமோ பச்சைச் சாயமோ இல்லை.

கிளையிழைக்குள் மெலனின் என்னும் கரும்பொருள் மிகச் சிறிய கோல்களாக, கம்பி வலையைப் போல ஒழுங்காக அடுக்கப்பட்டுள்ளது. அக்கோல்களின் இடைவெளிக்கு ஏற்ப ஒளியின் ஒரு நிறம் மட்டும் வலிமையாகத் திரும்பி நம் கண்ணை அடைகிறது. சீன ஆய்வாளர்கள் 2003-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் இதனை அளந்து காட்டினர். நீலப் பகுதியில் அந்த இடைவெளி ஏறத்தாழ 140 நானோமீட்டர். பச்சைப் பகுதியில் 150. மஞ்சள் பகுதியில் 165. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் பங்காக்கினால் ஒரு பங்கே ஒரு நானோமீட்டர். அத்துணைச் சிறிய வேறுபாடே நீலத்தையும் பச்சையையும் பிரிக்கிறது.

இராபர்ட் ஊக் என்னும் ஆங்கில அறிவியலறிஞர் 1665-ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில் மயிலிறகை நுண்ணோக்கியால் கண்டு எழுதியுள்ளார். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன், 1934-ஆம் ஆண்டு பறவை இறகுகளின் நிறம் பற்றி ஆய்வுக்கட்டுரை எழுதினார். பனங்காடையின் நீல இறகுகளை அவர் ஆராய்ந்தார்.

வெள்ளை மயில் தனி இனம் அன்று. அதன் இறகில் மெலனின் இல்லை. தோகையின் வடிவமும் கண்களின் வடிவமும் மாறாமல் இருக்க, நிறம் மட்டும் தோன்றுவதில்லை. கரிய மெலனின் இல்லையேல் நீலமும் இல்லை என்பதற்கு வெள்ளை மயிலே சான்று.

6. குஞ்சு கண்ணில் பட்டால்

குடியிருப்பின் மதிலோரத்தில் ஒரு மயிற்குஞ்சு தனியே நிற்பதாகக் கொள்வோம். அதனைக் காணும் சிறுவனின் கை தானாக நீளும். வீட்டுக்கு எடுத்துச் சென்று, பாலூட்டி, தோகை வரும்வரை வளர்க்க வேண்டும் என்று அவன் மனம் விரும்பும். அன்பினால் எழும் விருப்பமே அது. ஆயினும் அவ்வன்பு அக்குஞ்சுக்குத் தீங்காக முடியும்.

பெரும்பாலும் தாய் மயில் அருகில்தான் இருக்கும். மனிதரைக் கண்டதும் அது புதருக்குள் மறைந்து காத்திருக்கும். குஞ்சை எடுத்துச் செல்வது தாயிடமிருந்து பிரிப்பதாகும். எனவே, முதலில் விலகி நின்று பார்க்க வேண்டும். அருகில் நாயோ பூனையோ இருந்தால் அவற்றை அகற்ற வேண்டும். குஞ்சு சாலையில் நின்றால் மெல்ல எடுத்துப் பக்கத்துப் புதரடியில் விடலாம். மனிதர் கைபட்டால் தாய் குஞ்சை ஏற்காது என்பது பரவலான நம்பிக்கை. அதற்கு ஆதாரம் இல்லை.

குஞ்சு அடிபட்டிருந்தாலோ, நெடுநேரம் தாய் வராதிருந்தாலோ பெரியவர்களிடம் கூற வேண்டும். அவர்கள் வனத்துறைக்குத் தெரிவிப்பர். அதுவரை காற்றுத் துளைகள் இட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, குஞ்சை இருளும் அமைதியும் உள்ள இடத்தில் வைக்கலாம். பசும்பால் தருதல் கூடாது. பறவையின் வயிறு அதனைச் செரிக்காது. வாயில் நீர் ஊற்றுதலும் கூடாது; நீர் மூச்சுக்குழலில் சென்று குஞ்சு இறக்க நேரிடும்.

மயிலை வீட்டில் வளர்ப்பது குற்றமும் ஆகும். 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் மயில் இடம்பெற்றுள்ளது. மிக உயர்ந்த பாதுகாப்புக்குரிய உயிர்களின் பட்டியல் அது. காட்டுயிர் ஒன்று ஒருவர் கைக்கு வர நேர்ந்தால், 48 மணி நேரத்திற்குள் அருகில் உள்ள காவல் நிலையத்திலோ உரிய அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும் என்று அச்சட்டம் கூறுகிறது. தானாக உதிர்ந்த பீலியை வைத்திருக்கத் தடை இல்லை. பீலிக்காக மயிலைக் கொல்வதும், உயிருள்ள மயிலிடமிருந்து பிடுங்குவதும் குற்றங்கள்.

பேணும் முறை அறிந்தவர்கள் தாயற்ற குஞ்சை வளர்க்கும் விதம் வேறு. முதல் வாரத்தில் ஏறத்தாழ 35 பாகை செல்சியசு வெப்பம் தரும் விளக்கின் கீழ் வைத்து, வாரந்தோறும் வெப்பத்தைச் சிறிது சிறிதாகக் குறைப்பர். கால் வழுக்காத தரை அமைப்பர். பூச்சிகளும் அவித்த முட்டையும் நொறுக்கிய தானியமும் தருவர். வீட்டுக்கோழிகளிடமிருந்து நோய் தொற்றாதபடி தனியே வைப்பர். எல்லாவற்றுக்கும் மேலாக, குஞ்சு மனிதரைத் தாய் என்று எண்ணிவிடாமல் காப்பர். மனிதரோடு மட்டும் வளர்ந்த குஞ்சு மனிதரையே பின்தொடரும். நாயைக் கண்டு அஞ்சாது. பிற மயில்களோடு சேராது. அத்தகைய மயிலைக் காட்டில் விட்டால் அது பிழைப்பது அரிது. ஆகவே, இயன்றவரை பிற மயிற்குஞ்சுகளோடு சேர்த்தே அதனை வளர்ப்பர்.

மயிலுக்கு உதவ விரும்புவோர்க்கு வேறு வழிகள் உள. கோடைக்காலத்தில் திறந்த இடத்தில் தண்ணீர் வைக்கலாம். வளர்ப்பு நாயைக் கட்டி வைக்கலாம். பூச்சிமருந்து கலந்த விதைகளை உண்டு மயில்கள் இறப்பதும் உண்டு; அதனைப் பிறருக்கு எடுத்துக் கூறலாம்.

7. பேகனின் போர்வை

கடையெழு வள்ளல்களுள் ஒருவன் பேகன். பழனி மலைப் பகுதியை ஆண்ட ஆவியர் குடியில் வந்தவன். காட்டு மயில் ஒன்று அகவியதைக் கேட்டு, அது குளிரால் வருந்துவதாக எண்ணித் தன் போர்வையை அதற்கு அளித்தான். சிறுபாணாற்றுப்படையும் புறநானூறும் இக்கொடையைப் போற்றுகின்றன.

இறகைப் பற்றி அறிந்தவர்க்கு இங்கு ஓர் ஐயம் எழும். வளர்ந்த மயிலுக்குத் தூவியும் இறகுமே போர்வையாக இருக்க, பட்டுத்துணி எதற்கு? இவ்வினாவைப் பழம்புலவர்களும் எண்ணாமல் இல்லை. பெறுவோர்க்குப் பயன்படுமா என்று ஆராயாமல் கொடுக்கும் பெருங்குணத்தைக் 'கொடைமடம்' என்று அவர்கள் பெயரிட்டு அழைத்தனர். அது பழிச்சொல் அன்று. அளவற்ற இரக்கத்தைக் குறிக்கும் சொல்.

பேகனின் இரக்கத்தோடு மயிலைப் பற்றிய அறிவும் சேர்வது இன்று நமக்குத் தேவை. பேகன் மயிலுக்குத் தன் போர்வையைக் கொடுத்தான் என்பதே அவனது புகழ். மயிலைப் பிடித்துச் சென்றான் என்பதன்று. கொடுத்துவிட்டு விலகி நிற்கும் அன்பே காட்டுயிருக்கு உகந்த அன்பு.

சொல்லும் பொருளும்

தூவி – மென்மையான சிற்றிறகு
பீலி – மயிலிறகு
தோகை – ஆண் மயிலின் நீண்ட இறகுத்தொகுதி; மயில்
அடைகாத்தல் – முட்டையின்மீது அமர்ந்து வெப்பம் தருதல்
கோதுதல் – அலகால் இறகை ஒழுங்குபடுத்தல்
அரும்புதல் – சிறிதாகத் தோன்றுதல்
ஐயம் – சந்தேகம்
உகந்த – ஏற்ற

மொழியை அறிவோம்

அ) இறகும் சிறகும்: இறகு என்பது தனி ஒன்று. இறகுகள் சேர்ந்த, பறக்க உதவும் உறுப்பு சிறகு. 'மயிலிறகு கிடைத்தது', 'மயில் சிறகை விரித்துப் பறந்தது' என்று எழுதுவதே முறை.

ஆ) ஒலி வேறுபாடு: அலகு – பறவையின் மூக்கு, அழகு – எழில், அளகு – பெண் கோழி, பெண் மயில். மூன்று சொற்களையும் ஒலித்துப் பழகுக. "அழகிய அளகு தன் அலகால் இறகைக் கோதியது" என்னும் தொடரை ஐந்து முறை பிழையின்றிக் கூறுக.

இ) இளமைப் பெயர்: பறவைகளின் இளமைக்குப் பார்ப்பு, பிள்ளை என்னும் பெயர்களைத் தொல்காப்பியம் கூறுகிறது. இக்காலத்தில் குஞ்சு என்பதே பெருவழக்கு.

ஈ) ஆண்பாற் பெயர்: ஆண் பறவைகளைச் சேவல் என்னும் பெயரால் அழைக்கும் மரபு உண்டு. மயிலுக்கு மட்டும் அப்பெயர் பொருந்தாது என்கிறது தொல்காப்பியம்.

உ) ஒலி மரபு: மயில் அகவும், குயில் கூவும், காகம் கரையும், கூகை குழறும், ஆந்தை அலறும், சேவல் கூவும், கோழி கொக்கரிக்கும். ஆசிரியப்பாவின் ஓசைக்கு அகவலோசை என்றே பெயர்.

மதிப்பீடு

அ) சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. பெண் மயில் முட்டையிடும் இடம்
அ) மரக்கிளை ஆ) தரைப்பள்ளம் இ) பாறை இடுக்கு ஈ) மரப்பொந்து

2. இறகு எதனால் ஆனது?
அ) சுண்ணாம்பு ஆ) கொழுப்பு இ) கெரட்டின் ஈ) மாவுப்பொருள்

3. மயிலின் உண்மையான வாலில் உள்ள இறகுகள்
அ) 20 ஆ) 50 இ) 100 ஈ) 150

4. மயிலுக்குப் போர்வை அளித்த வள்ளல்
அ) பாரி ஆ) ஓரி இ) பேகன் ஈ) காரி

ஆ) கோடிட்ட இடங்களை நிரப்புக.

1. பெண் மயில் அடைகாக்கும் காலம் ஏறத்தாழ ________ நாள்.
2. குஞ்சுக்கு ஏறத்தாழ ஒரு மாதத்தில் தலையில் ________ அரும்பும்.
3. வெள்ளை மயிலின் இறகில் ________ இல்லை.
4. மயில் தேசியப் பறவையாக அறிவிக்கப்பட்ட ஆண்டு ________.

இ) பிழை நீக்கி எழுதுக.

1. மயில் கூவியது, குயில் அகவியது.
2. புத்தகத்தில் ஒரு மயிற்சிறகு வைத்திருந்தேன்.
3. மயில் தன் அழகால் பூச்சியைக் கொத்தியது.

ஈ) ஓரிரு தொடர்களில் விடையளிக்க.

1. மயிற்குஞ்சுக்குச் சிறகின் இறகுகள் முதலில் வளர்வது ஏன்?
2. புத்தகத்தில் வைத்த மயிலிறகு வளராமைக்குக் காரணம் யாது?
3. முளைக்கும் இறகு முறிந்தால் குருதி கசிவது ஏன்?
4. தோகையற்ற மயிலெல்லாம் பெண் மயில் ஆகுமா? விளக்குக.

உ) ஐந்தாறு தொடர்களில் விடையளிக்க.

1. பறவையின் வளர்ச்சியை எழுதிவைத்த நாட்குறிப்பு இறகு எனக் கூறப்படுவது ஏன்?
2. மயிலிறகில் நீலச் சாயம் இல்லாதபோதும் நீலம் தோன்றுவது எவ்வாறு?
3. மனிதரோடு மட்டும் வளர்ந்த மயிற்குஞ்சு காட்டில் பிழைப்பது அரிது. ஏன்?

ஊ) ஒரு பக்க அளவில் எழுதுக.

ஆண் மயிற்குஞ்சு தன் கதையைத் தானே கூறுவதாகக் கொண்டு, முதல் வாரம் முதல் முழுத் தோகை வரும்வரை எழுதுக.

எ) கலந்துரையாடுக.

'பேகன் செய்தது சரியா?' என்னும் தலைப்பில் வகுப்பு இரு அணிகளாகப் பிரிந்து உரையாடுக. ஒவ்வோர் அணியும் இறகு பற்றிய ஒரு செய்தியையேனும் சான்றாகக் காட்டுக.

செயல்பாடுகள்

1. தானாக உதிர்ந்த மயிலிறகு ஒன்றை முதலில் முன்புறமிருந்து ஒளிபடும்படி பார்க்க. பின்னர்ச் சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, ஒளி ஊடுருவும்படி பார்க்க. நிறத்தில் தோன்றும் மாற்றத்தை எழுதி, காரணம் கூறுக.

2. ஓர் இறகை வரைந்து தண்டு, இழை, கிளையிழை ஆகிய பகுதிகளைக் குறிக்க.

3. வகுப்பில் உள்ள பிற மொழி மாணவர்களிடம் மயிலுக்கு அவரவர் மொழியில் வழங்கும் பெயரைக் கேட்டு, தமிழ் எழுத்தில் எழுதிப் பட்டியலிடுக.

4. பெற்றோரிடமோ, ஊரில் உள்ள தாத்தா பாட்டியிடம் தொலைபேசியிலோ, மயிலிறகு பற்றிய அவர்களின் இளமைக்கால நினைவு ஒன்றைக் கேட்டு, எட்டுத் தொடர்களில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.

5. நீங்கள் வாழும் பகுதியின் வனத்துறை அலுவலகம் எங்குள்ளது என்று பெரியவர்களிடம் கேட்டறிந்து, 'காயமுற்ற பறவையைக் கண்டால்' என்னும் தலைப்பில் தமிழிலும் அப்பகுதியின் மொழியிலும் ஓர் அறிவிப்புத் தாள் அணியம் செய்க. அதனைக் குடியிருப்பின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுக.